இரண்டு பக்கமும் ஒரே சத்தம்

எங்கள் தாமான் குடியிருப்பில் வேன் அக்காவிடம் ஒரு விஷயத்தை ஒரே தடவை சொல்லிவிட்டுத் தப்பித்தவர் யாரும் இல்லை. சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார். தலையை ஆட்டுவார். அப்பாடா என்று நாம் கிளம்பும் நேரத்தில் சுற்றி வந்து மறுபக்கம் நின்றுகொண்டு, "என்ன சொன்ன? மறுபடி சொல்லு" என்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் அவருக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். மந்தமாவது! பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் அது எவர்சில்வரா அலுமினியமா என்று சொல்லக்கூடிய காது அது.

கிள்ளானிலிருந்து பந்திங் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் தாமான். இங்கே தமிழ்ப்பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர் அக்கா. அதனால் வேன் அக்கா. அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. பெயரைப் போட்டு எழுதினால் போன் செய்து திட்டுவார், திட்டி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார் என்பதால் இங்கேயும் வேன் அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன்.

வேனில் பிள்ளைகள் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. அக்கா வண்டியை ஓரமாக நிறுத்துவார். ஒருவனை எழுப்பி நடந்ததைச் சொல்லச் சொல்வார். பிறகு அவனையே அடிபட்டவனுடைய இடத்தில் உட்காரவைத்து, "இப்ப இங்கேருந்து சொல்லு" என்பார். அந்த இடத்தில் உட்கார்ந்ததும் பாதிப் பிள்ளைகளுக்குக் கதை மாறிவிடும். என் மகள் வீட்டுக்கு வந்து, "அம்மா, பொய் சொல்லலாம்னு பார்த்தேன், சீட்டு மாத்திட்டாங்க" என்று ஒருநாள் சலித்துக்கொண்டாள்.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அக்காவோடு மீன் வாங்கப் போவது பெரிய பாடு. கெம்போங் மீன் என்ன விலை என்று கேட்டுவிட்டு, வரிசை முழுக்க நடந்து, கடையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்து திரும்பக் கேட்பார். மீன்காரன் ஒரு தடவை கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஆன்டி, மீன் அதே மீன்தான், நானும் அதே ஆள்தான்" என்று கும்பிட்டான். அக்காவுக்கு வெட்கமே இல்லை. "அதைத்தான்டா பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு மீனை வாங்கினார். கல்யாணக் கதையும் அப்படித்தான். பெண் பார்க்க வந்தவரை முன்னாலிருந்து பார்த்தபோது பிடிக்கவில்லையாம். அவர் மோட்டார்சைக்கிளில் ஏறித் திரும்பிப் போகும்போது பின்னாலிருந்து பார்த்தாராம், பிடித்துவிட்டதாம். அக்காவின் வீட்டுக்காரர் இதைக் கேட்கும்போதெல்லாம் காபியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இந்தக் குணம் அவர் பிறகு வாங்கிய மெஷினால் முற்றியதா, குணத்துக்கு ஏற்ற மாதிரி மெஷின் வந்து வாய்த்ததா என்று எனக்குத் தெரியாது. மோரிப் கடற்கரையில் அவருடைய கல்யாண மோதிரம் மணலில் விழுந்துவிட்டது. மெட்டல் டிடெக்டர் வைத்திருந்த ஒரு மலாய்க்காரர் அரைமணி நேரத்தில் தேடிக் கொடுத்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் மோதிரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள். அக்கா அந்த மனிதர் பின்னாலேயே பொழுது சாயும்வரை நடந்து, அந்த மெஷின் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு வந்தார். அடுத்த மாதம் அவர் கையிலும் ஒன்று இருந்தது. நீளக் கம்பி, நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நானும் மகளும் சிலசமயம் அவரோடு மோரிப்புக்குப் போவோம். அலை பின்வாங்கிச் சேறும் மணலுமாகக் கிடக்கும். அக்கா தரையைத் துடைக்கிற மாதிரி தட்டை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே போவார். எனக்கும் ஹெட்போனை மாட்டிவிட்டுச் சொல்லித் தருவார்.

"கொர்ருன்னு உறுமுதா? அது இரும்பு. விட்டுடு. டிங்குன்னு மேல கூவுதா? அது காசு, வெள்ளி. தங்கம் இருக்கே, அது ஒருநாளும் கூவாதும்மா. நடுக்குரல்ல பேசும். கொடுமை என்னன்னா, கேன் மூடியும் சிகரெட் பெட்டி காயிதமும் அதே நடுக்குரல்லதான் பேசும். அதனால நடுக்குரல் கேட்டா யோசிக்காம தோண்டணும்."

"அப்ப டிங்குன்னு கேட்டா வெள்ளின்னு நம்பிடலாமாக்கா?"

"அலாமாக், அங்கதான் மாட்டிக்குவ. துருப்பிடிச்ச போத்தல் மூடி ஒண்ணு இருக்கு, மகா திருடன். இரும்புதான், ஆனா வெள்ளி மாதிரி டிங்கும். அதுக்குத்தான் சுத்தி வந்து மறுபக்கமா நின்னு ஆட்டிப் பார்க்கணும். நல்ல பொருள்னா ரெண்டு பக்கமும் ஒரே சத்தம். இரும்புன்னா இந்தப் பக்கம் பாட்டு, அந்தப் பக்கம் இருமல்."

அவர் சொன்னபடி நானும் சுற்றி வந்து ஆட்டினேன். முதலில் அழகாகக் கூவிய இடம், மறுபக்கமிருந்து கேட்டபோது கரகரவென்று உடைந்தது. தோண்டினோம். துருப்பிடித்த மூடிதான். அக்கா அதைப் பக்கெட்டில் போட்டார். ஏமாந்து தோண்டுகிற இரும்பை அவர் திரும்ப மணலில் போடுவதில்லை, வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடுகிற இடம் என்பார். பழைய பேப்பர் வாங்க வருகிற லோரிக்காரன் அந்தப் பக்கெட்டை மாதம் ஒருமுறை வாங்கிக்கொண்டு போவான். ஆனால் அக்காவுக்குப் பக்கெட் காலியாக இருக்க வேண்டும். "இன்னிக்கு ஒரு இரும்புகூட தோண்டல, தெரியுமா?" என்று அவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை தோற்றுப்போகும்.

இதெல்லாம் எனக்கு அப்போது வேடிக்கைதான். இவருக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்துக்கொண்டு போய்விடுவேன். அக்காவின் அந்தக் குணத்துக்கு நான் எவ்வளவு கடன்பட்டவள் என்பது என் மாமனாரின் திதியின்போதுதான் தெரிந்தது.

என் மாமியார் எங்களோடு இருந்தார். மாமனார் போனபின் அவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பித்தது. சோப்புக்கட்டியைப் பூந்தொட்டியில் வைத்து மண் போட்டு மூடியிருப்பார். கரண்டி செருப்புக்குள் கிடக்கும். கழற்றி வைத்த தாலிக்கொடியை மட்டும் ஒரு சுருக்குப்பையில் போட்டுப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். "எனக்கு மறந்து மறந்து போவுது, நீயே வச்சுக்க" என்று பீரோ சாவியை என் கையில் கொடுத்தவரும் அவர்தான். சேலை எடுக்க வேண்டும் என்று கேட்பார், கொடுப்பேன், திறந்துவிட்டுத் திருப்பித் தருவார். இதில் கணக்குப் பார்க்க என்ன இருக்கிறது?

திதி அன்று காலை தாலிக்கொடியை எடுத்து மாமனாரின் படத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பந்திங்கிலிருந்து என் கணவரின் அக்கா வந்திருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். பீரோவைத் திறந்தேன். சுருக்குப்பை இல்லை. எல்லாச் சேலைகளையும் எடுத்து உதறிப் பார்த்தேன். இல்லை.

மாமியார் கட்டிலில் உட்கார்ந்தபடி, மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"இவதான் எடுத்தா. சாவி இவகிட்டதானே இருக்கு."

அண்ணி என்னைப் பார்த்தார். என் கணவர் மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தார். "தேடிப் பார்ப்போம் லா" என்றார். தேடினோம். படையல் ஆறியது. அண்ணி அன்று பந்திங் திரும்பவில்லை. என் மகள் எதிரில் வரும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்கவில்லை என்றால் திங்கட்கிழமை போலீசில் ரிப்போர்ட் செய்துவிடலாம் என்று அண்ணி தன் தம்பியிடம் சொன்னது அடுப்படிவரை கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னை அறுத்தது. கேட்டால் பதில் சொல்லலாம். கேட்காமல், நான் சாப்பாடு பரிமாறுகிற கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கைப்பை மேசையில் இருந்தால் அதைப் பார்த்தார்கள். நான் ஒரு சின்னப் பையில் எனக்கும் மகளுக்கும் துணியை அடுக்கினேன். அம்பாங்கில் என் அம்மா வீடு இருக்கிறது. ரிப்போர்ட் போடட்டும், அதன்பிறகு இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை வேன் வந்தது. மகளை ஏற்றிவிட்டு நான் திரும்பும்போது அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டார். ஹாரன் அடித்து நிறுத்தினார். விஷயம் அதற்குள் தாமான் முழுக்கப் பரவியிருந்தது போல. இறங்கி வந்து, கேட்டுக்கு முன்னால் நின்று, வேனிலிருந்த பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் நேராகக் கேட்டார்.

"நீ எடுத்தியா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்களுமாக்கா? நான் எடுக்கல" என்றேன். வேறு என்னென்னவோ சொன்னேன். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இனி இவர் முகத்திலும் முழிப்பதில்லை என்று கேட்டை ஓங்கிச் சாத்தினேன்.

மத்தியானம் மகளை இறக்கிவிட வந்தபோது நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் வேனைச் சுற்றிக்கொண்டு என் மறுபக்கம் வந்து நின்றார்.

"நீ எடுத்தியா?"

அழுகை வந்துவிட்டது. "இல்லக்கா. சத்தியமா இல்லக்கா."

"சத்தியம்லாம் வேணாம். ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்." முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. "உன் மாமியார் எப்பப் பார்த்தாலும் தோட்டத்துல மண்ணைக் கிளறிக்கிட்டுதானே இருக்காங்க? சனிக்கிழமை மெஷினோட வரேன். அதுவரைக்கும் எங்கயும் போயிடாத. பை கட்டி வச்சிருந்தா அவிழ்த்து வை."

பை கட்டியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

எங்கள் வீடு வரிசையின் கடைசி வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. வாழை, கறிவேப்பிலை, பாண்டான், வேலியோரம் எலுமிச்சைப் புல், அதாவது செராய், ஒரு பெரிய புதர். ரசத்துக்கும் சம்பலுக்கும் செராய் வேண்டுமென்றால் தெருவே எங்கள் வீட்டுக்குத்தான் வரும். சனிக்கிழமை காலை அக்கா வந்து தட்டை ஆட்ட ஆரம்பித்ததும் முகம் சுளித்தார். வீட்டைப் பெரிதாக்கி இழுத்துக் கட்டியபோது கொத்தனார்கள் போட்டுவிட்டுப் போன ஆணியும் கம்பியும் மண் முழுக்கக் கிடந்தன. காலடிக்குக் காலடி கொர், கொர்.

"இந்த உறுமல்ல ஒண்ணும் கேக்காது. இரும்போட வாயை மூடிடறேன்" என்று ஒரு பித்தானை அழுத்தினார். அந்த மெஷினில் அப்படி ஒரு வசதி உண்டு. இரும்பை மட்டும் கேட்காத மாதிரி செய்துவிடலாம். அதன்பிறகு தோட்டம் அமைதியாகிவிட்டது. அண்ணி கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவர் மண்வெட்டியோடு பின்னாலேயே போனார். காசு கிடைத்தது. கேன் மூடிகள் கிடைத்தன. பித்தளைக் குழாயின் உடைந்த துண்டு, மகள் தொலைத்த பொம்மைக் கார், ஒரு கொலுசு மணி. வெயில் ஏறும்வரை, வேலி முதல் வீட்டுச் சுவர்வரை ஒரு இடம் விடாமல் அக்கா நடந்தார். தாலிக்கொடி இல்லை.

"மண்ணுல இல்லன்னா..." என்று அண்ணி ஆரம்பித்து, முடிக்காமல் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. எனக்குப் புரிந்தது. என்னைக் காப்பாற்ற வந்த மெஷின் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. இதுவரைக்கும் மாமியாரின் மறதி என்று சொல்லவாவது ஒரு வழி இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அவிழ்த்த பையை மறுபடி கட்ட வேண்டியதுதான்.

பின்வாசலில் மாமியார் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மாமியார் ஒரு முழுப் பாக்கைக் கடித்துப் பார்த்து, முடியாமல் துப்பினார்.

"ஏம்மா முழுசா கடிக்கிறீங்க? பாக்குவெட்டி எங்க?"

"அதையும் இவதான் எடுத்துட்டா" என்றார் மாமியார்.

உள்ளேயிருந்த அண்ணிகூட சிரித்துவிட்டார். என் கணவரும் சிரித்தார். இத்தனை நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. பழைய இரும்புப் பாக்குவெட்டியை யார் திருடுவார்கள்? அம்மா சும்மா சொல்கிறார் என்று அப்போதாவது அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. சிரிக்காதவர் அக்கா மட்டும்தான். எழுந்தார். மாமியாரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்க் குந்தினார்.

"அம்மா, பாக்குவெட்டி எங்க?"

மாமியார் கொஞ்ச நேரம் அக்காவின் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு ரகசியம் சொல்கிற குரலில், "காவலுக்கு வச்சிருக்கேன்" என்றார்.

"எதுக்குக் காவல்மா?"

மாமியார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவப் போய்விட்டார்.

அக்கா அடுப்படிக்குள் வந்து குழாயை மூடினார். "பாக்குவெட்டி எப்பலேருந்து காணோம்?"

யோசித்துப் பார்த்தேன். திதிக்குக் கொஞ்ச நாள் முன்னாலிருந்தே மாமியார் பாக்கைத் துணியில் சுற்றி அம்மிக்குழவியால் தட்டிக்கொண்டிருந்தார். அவர் எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. என் மகள் பிறந்து பச்சைக்குழந்தையாகக் கிடந்தபோது, பிள்ளையைத் தொட்டிலில் தனியாக விட்டு நான் குளிக்கப் போனால், மாமியார் அந்தப் பாக்குவெட்டியை மெத்தைக்கு அடியில் செருகி வைப்பார். இரும்பு பக்கத்தில் இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்பார். நான் திரும்பி வந்தபிறகுதான் எடுப்பார்.

இதைக் கேட்டதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நான் ஒரு மடச்சி. நம்ம வீட்டுப் பொம்பளைங்க தங்கத்தை இருட்டுல தனியா படுக்கவைப்பாங்களா? கூட ஒரு இரும்பை வைக்காம மண்ணை மூடுவாங்களா? நான் போயி இரும்போட வாயைக் கட்டிட்டு தேடியிருக்கேன் பாரு!"

"அதனால தங்கம் கேக்காம போயிடுமாக்கா?"

"பெரிய இரும்பு மேல படுத்திருந்தா தங்கத்தோட சத்தம் வெளியவே வராதும்மா. வா, இப்ப இரும்பைத் தேடுவோம்."

திரும்பத் தோட்டத்துக்குப் போனோம். அக்கா இரும்பைப் பேசவிட்டார். ஹெட்போனை மெஷினிலிருந்து கழற்றிவிட்டதால் எல்லோருக்கும் கேட்டது. தோட்டமே உறுமியது. ஒரு இரும்புகூடத் தோண்டவில்லை என்று பெருமையடிப்பவர், அன்றைக்கு இரும்பாகத் தோண்டினார். குட்டையாக உறுமினால் ஆணி என்று தாண்டினார். நீளமாக, கனமாக உறுமிய இடத்தில் எல்லாம் மண்வெட்டி. ஒரு இடத்தில் கட்டுக்கம்பிச் சுருள். இன்னொரு இடத்தில் கதவுக் கீல். பக்கெட் நிறைந்துகொண்டே வந்தது. அண்ணி மறுபடி வெளியே வந்து நின்றார். இந்தத் தடவை கை கட்டவில்லை.

செராய் புதருக்கு அடியில் தட்டு போனதும் கனமாக ஒரு உறுமல். அக்கா சுற்றி வந்தார். வேலிப்பக்கம் நின்று ஆட்டினார். அதே உறுமல், ஆனால் இன்னும் நீளமாக.

"காலையில இதே இடத்துல நின்னேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "ஒண்ணும் கேக்கல. நான்தானே கேக்கவிடாம வச்சிருந்தேன்."

மண்வெட்டியை என் கணவரிடமிருந்து வாங்கி என் கையில் கொடுத்தார். தோண்டினேன். ரொம்ப ஆழம் இல்லை. அரிசிப் பையின் பிளாஸ்டிக் துண்டு ஒன்று தெரிந்தது. பிரித்தேன். துருவேற ஆரம்பித்திருந்த பாக்குவெட்டி. அதன் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவில் இடுக்கி வைத்த மாதிரி சுருக்குப்பை. முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அண்ணிதான் மண்ணில் மண்டிபோட்டு உட்கார்ந்து அவிழ்த்தார். தாலிக்கொடி அப்படியே இருந்தது.

எல்லாவற்றையும் கொண்டுபோய் மாமியாரின் முன்னால் வைத்தோம். அவர் தாலிக்கொடியைப் பார்க்கவே இல்லை. பாக்குவெட்டியைத்தான் பாய்ந்து எடுத்தார். முந்தானையில் துடைத்தார். "எங்க போயிருந்த நீ?" என்று அதைக் கேட்டார். ஒரு பாக்கை வைத்து நறுக்கென்று வெட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். வெற்றிலையில் சீவலை வைத்து மடித்து முதலில் எனக்குத்தான் நீட்டினார்.

அண்ணி தாலிக்கொடியை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "அம்மா, இது?"

மாமியார் அதை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லாருக்கே" என்றார். "யாரோடதும்மா?"

அண்ணி அங்கேயே உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிரும்மா" என்றார். நான் மன்னித்தேனா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை, பிறகு மன்னித்தேன். அவருக்கும் அம்மா போய்க்கொண்டிருக்கிறார் என்கிற பயம்தான், அதைக் காட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை என்று மெல்ல எனக்கே புரிந்தது.

என் கணவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவியதையே கழுவினார். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றதை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"தம்பி, நீ அவளைக் கேட்டியா?"

"என்னக்கா?"

"நீ எடுத்தியான்னு."

"எப்படிக்கா கேக்கறது? அவ மனசு கஷ்டப்படும் லா."

"கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பா. நீ நம்பியிருப்ப. கேக்காமயே விட்டுட்டியே."

அவர் குழாயை மூடிவிட்டு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. மனதில் ஒன்று உறுத்தினால் அவர் கேட்டுவிடுவார். சண்டை வரும், இருந்தாலும் கேட்டுவிடுவார். எனக்கு அந்தச் சண்டைகள் பிடிக்கும்.

மாமியார் அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்தார். பல தடவை பல பொருள்களை நான் எடுத்துவிட்டதாகச் சொன்னார். ஒரு தடவை என் மூக்குக்கண்ணாடியையே நான் திருடிவிட்டதாக என்னிடம் புகார் சொன்னார். யாரும் என் கையைப் பார்க்கவில்லை. அந்தத் தாலிக்கொடியை யாரிடமிருந்து காப்பாற்ற மண்ணில் வைத்தார், யாருக்காக வைத்தார் என்பது கடைசிவரை தெரியவில்லை. பாக்குவெட்டி இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

நான் யோசித்துப் பார்ப்பேன். நகையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காக அக்காவைத் தாமானே பாராட்டியது. எனக்கு அது இரண்டாவதுதான். அந்த நாட்களில் என் முகத்தைப் பார்த்து, "நீ எடுத்தியா?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். கேட்டதோடு விடாமல் சுற்றி வந்து மறுபடி கேட்டார். சொன்ன பதிலை நம்பினார். மெஷின் பொய் சொன்ன பிறகும் நம்பினார். அவர் அப்படிக் கேட்கவில்லை என்றால் நான் அம்பாங்குக்குப் போயிருப்பேன், திரும்பியிருக்கமாட்டேன்.

போன வருடம் அக்கா வேனை விற்றுவிட்டு மகனோடு ஜோகூருக்குக் குடிபோனார். சாமான் லோரி முன்னால் போய்விட்டது. காரின் பின்சீட்டில் போர்வையில் சுற்றி மெஷினைப் படுக்கவைத்திருந்தார். அவருடைய வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பத் தயாராக இருந்தார். நான் அக்காவின் ஜன்னலுக்குப் போய்க் குனிந்து, "எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிக்கா" என்றேன்.

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். சீட் பெல்ட்டைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

எனக்கு இவரைத் தெரியாதா? காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன். அவர் வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே சீட்டைப் பின்னால் தள்ளி எனக்கு வழிவிட்டார். தலையை உள்ளே நீட்டி, "நன்றிக்கா" என்றேன்.

அக்கா நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி" என்றார். "ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்."